சட்டைப்பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் வாசல்?

கைப்பேசி விளம்பரங்களில் 50 மெகாபிக்சல் பழசாகி, 108 வந்து, இப்போது 200 மெகாபிக்சல் சாதாரணமாகிவிட்டது. ரிக்கோ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஜிஆர் 3 என்ற சட்டைப்பை கேமராவில் இருப்பதோ 24 மெகாபிக்சல்தான். அதில் ஜூம் கிடையாது. அதற்குக் கொடுக்கும் காசில் நல்ல கைப்பேசியே ஒன்று வாங்கிவிடலாம். இருந்தும் தெருவில் படம் எடுப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தைடோ மொரியாமா நீண்ட காலமாக இந்த ஜிஆர் வரிசைச் சிறு கேமராக்களோடுதான் தோக்கியோ தெருக்களில் நடக்கிறார்.

நல்ல வெயிலில் கைப்பேசி, ஜிஆர் 3 இரண்டாலும் ஒரே காட்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதிலிருந்து வந்தது என்று சொல்லப் பலரும் திணறுவார்கள். அதே இரண்டு கருவிகளையும் இரவு ஏழு மணிக்கு, ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில், ஓடியாடும் குழந்தையை நோக்கித் திருப்புங்கள். கைப்பேசிப் படத்தில் முகம் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகவோ கலங்கலாகவோ வரும். கேமராவின் படத்தில் முடியும் கண்ணிமையும் தெரியும். எட்டு மடங்கு மெகாபிக்சல் இருந்தும் கைப்பேசி பின்தங்குவது ஏன்? தினமும் கூடவே கொண்டுபோக ஒரு சிறிய கேமரா வாங்க நினைக்கிறவர் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன். விடை தெரிந்துவிட்டால் கடைக்காரர் நீட்டும் அட்டவணையில் முக்கால்வாசியைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

ஒளி தொடர்ச்சியாக ஒழுகி வருவதில்லை. எண்ணக்கூடிய தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் இதை முன்வைத்தார். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வந்ததும் இதை ஒட்டிய விளக்கத்துக்காகத்தான். அந்தப் பொட்டலத்தை ஃபோட்டான் என்கிறோம். தமிழில் ஒளித்துகள் எனலாம். கேமராவுக்குள் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்னும் சிலிக்கான் தகடு உட்கார்ந்திருக்கிறது. அதில் கோடிக்கணக்கான கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. ஒளித்துகள் ஒன்று சிலிக்கானில் மோதும்போது ஒரு எலக்ட்ரான் விடுபடுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று கட்டம் கட்டமாக எண்ணுவதுதான் டிஜிட்டல் கேமராவின் முழுநேர வேலை.

எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அதற்கே உரிய ஒரு தொல்லையும் வந்துவிடும். மழை தூறத் தொடங்கும் நேரத்தில் முற்றத்தில் பத்து டம்ளர்களை வரிசையாக வையுங்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றில் மூன்று துளி இருக்கும், அடுத்ததில் ஏழு, இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. முற்றம் முழுவதும் தூறல் ஒரே சீராகத்தான் விழுந்தது. ஆனால் எந்தத் துளி எங்கே விழும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. டம்ளர்களை எடுத்துவிட்டுப் பத்து அண்டாக்களை வைத்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் நிற்கும். துளிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஏற்றத்தாழ்வு கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறது. கணக்காகச் சொன்னால், சராசரியாக 100 ஒளித்துகள் விழும் இடத்தில் பத்து கூடவோ குறையவோ விழுவது சகஜம். அதாவது பத்து சதவீதத் தடுமாற்றம். 10,000 விழும் இடத்தில் தடுமாற்றம் நூறுதான், ஒரே சதவீதம்.

ஒரே நிறத்தில் இருக்கும் வெள்ளைச் சுவரை இருட்டில் எடுத்தால் படத்தில் புள்ளி புள்ளியாகக் குருணை தெரிகிறதல்லவா, அதில் பெரும்பங்கு இந்தத் தடுமாற்றம்தான். ‘நாய்ஸ்’ என்று படம் எடுப்பவர்கள் சொல்வது இதைத்தான். சென்சார் மட்டம் என்பதால் குருணை வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இன்றைய நல்ல சென்சாரில், அந்தத் தடுமாற்றத்தில் பெரும்பகுதி ஒளியோடு கூடவே வருவது.

இது எப்படித் தெரியும்? அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் தொலைக்காட்சிக் கேமராவின் குழாய்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆல்பர்ட் ரோஸ் என்ற இயற்பியலாளர் 1940-களில் இந்தக் கேள்வியில் இறங்கினார். பிலிம், தொலைக்காட்சிக் குழாய், மனிதக் கண் மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கைக்கு வரும் ஒளித்துகளில் எத்தனையை ஒரு கருவி வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதே அந்த அளவுகோல். பிறகு அவர் வெளியிட்ட ஒரு படவரிசை இன்றும் பாடநூல்களில் வருகிறது. ஒரு பெண்ணின் படம், ஆறு முறை. முதல் படத்தில் மொத்தமே சுமார் 3,000 ஒளித்துகள்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அடுத்தடுத்த படங்களில் எண்ணிக்கை ஏற ஏற முதலில் ஓர் உருவம் ஊகமாகிறது, பிறகு முகம் என்று தெரிகிறது, பிறகு யார் என்றே அடையாளம் சொல்லலாம் என்றாகிறது. கடைசிப் படத்தில் சுமார் 2.8 கோடி ஒளித்துகள்கள். அதுதான் நாம் புகைப்படம் என்று ஒப்புக்கொள்ளும் தரத்தில் இருக்கிறது. காட்சி மாறவில்லை, மாறியது எண்ணிக்கை. பின்னணியின் தடுமாற்றத்தைப்போலச் சுமார் ஐந்து மடங்கு வித்தியாசம் இருந்தால்தான் ஒரு பொருள் கண்ணுக்குத் துணிந்து தெரியும் என்ற ரோஸின் விதியை எக்ஸ்ரே படத் துறையில் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம். கைப்பேசிக் கேமராவில் ‘ப்ரோ’ பயன்முறை இருந்தால், கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, ஒரு வெறும் சுவரை இரண்டு முறை எடுங்கள். முதல் முறை ஐஎஸ்ஓ எண்ணைக் குறைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வையுங்கள். இரண்டாம் முறை ஐஎஸ்ஓவை ஏற்றி, ஷட்டர் நேரத்தை அதே அளவுக்குக் குறையுங்கள். இரண்டு படமும் ஒரே வெளிச்சமாகத்தான் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாவதில் குருணை அள்ளும். அதே சுவர், அதே லென்ஸ், அதே சென்சார். உள்ளே வந்த ஒளித்துகளின் எண்ணிக்கைதான் வேறு. ஐஎஸ்ஓ குருணையை உண்டாக்குவதில்லை. வந்த கொஞ்ச வெளிச்சத்தை அது தூக்கிக் காட்டும்போது அதிலிருந்த தடுமாற்றமும் சேர்ந்து மேலே வருகிறது.

அடுத்த கைப்பேசியில் இன்னும் நல்ல சென்சார் வந்து இதைச் சரிசெய்துவிடாதா? 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சென்சாரை உருவாக்கியபோது போக வேண்டிய தூரம் நிறைய இருந்தது. இன்றைய சென்சார்கள் தம்மை வந்தடையும் ஒளித்துகளில் பாதிக்கும் மேலானதை எண்ணிவிடுகின்றன. எண்ணிக்கையைப் படிக்கும்போது நேரும் பிழை ஓரிரு எலக்ட்ரான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாதிக்கும் மேல் எண்ணுகிற கருவியை எவ்வளவுதான் மெருகேற்றினாலும் இரண்டு மடங்குக்கு மேல் முன்னேற இடமில்லை. நிறம் பிரிப்பதற்காகச் சென்சார்மீது ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன என்பது உண்மைதான். அவற்றை எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளைப் படம்தான் கிடைக்கும்.

ஆகவே மீதமிருக்கும் வழி ஒன்றே: உள்ளே அதிக ஒளியை விட வேண்டும். ஒரு காட்சியிலிருந்து குறிப்பிட்ட நேரத்தில் கேமராவுக்குள் எத்தனை ஒளித்துகள் நுழையும் என்பதை லென்ஸின் முன்னிருந்து பார்த்தால் தெரியும் வட்டத் திறப்பின் பரப்பு தீர்மானிக்கிறது. அந்தத் திறப்பை ஒளிவாயில், சுருக்கமாக வாசல், என்று சொல்லிக்கொள்வோம். கேமரா நிறுவனங்கள் அதன் விட்டத்தை அச்சிடுவதில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான இரண்டு எண்களையும் லென்ஸின் விளிம்பிலேயே பொறித்துவிடுகிறார்கள். மில்லிமீட்டரில் இருப்பது குவியத் தூரம். தொலைவிலுள்ள காட்சி கூர்மையாக விழ லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே வேண்டிய தூரம் என்று தோராயமாகக் கொள்ளலாம். மற்றது எஃப் எண். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வாசலின் விட்டம் வந்துவிடும். விளம்பரத்தில் வரும் ‘24 மி.மீ.க்கு இணை’, ‘28 மி.மீ.க்கு இணை’ என்ற எண்களை இந்தக் கணக்கில் போடக் கூடாது. அவை பார்வைக் கோணத்தைப் பழைய பிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்பவை.

ஐபோன் 14 ப்ரோவின் முதன்மைக் கேமராவின் குவியத் தூரம் 6.86 மி.மீ., எஃப் எண் 1.78. வாசலின் விட்டம் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. உயர்விலைக் கைப்பேசிகள் பலவும் இந்த அளவைச் சுற்றியே நிற்கின்றன. பெரிய சென்சாரும் புடைத்த முதுகும் கொண்ட சில, 5 மி.மீ.ஐத் தாண்டுகின்றன. ரிக்கோ ஜிஆர் 3-இன் லென்ஸ் 18.3 மி.மீ., எஃப் 2.8. வாசல் 6.5 மி.மீ. விட்டத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் ஒளி நுழைவது பரப்பின் வழியாக. பரப்பில் இது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஐபோன் இன்னும் அகலமான காட்சியைப் பார்க்கிறது என்பதால், அதை ஜிஆர் பார்க்கும் அளவுக்கு வெட்டிக்கொண்டால் வித்தியாசம் நான்கு மடங்கை நெருங்கும்.

அப்படியானால் கைப்பேசியிலேயே 6.5 மி.மீ. வாசல் வைத்துவிடலாமே? இங்கேதான் கேமராவின் பருமன் உள்ளே வருகிறது. 6.86 மி.மீ. குவியத் தூரத்தில் அவ்வளவு பெரிய வாசல் வைக்க வேண்டுமானால் எஃப் எண் ஒன்றுக்கு அருகே வர வேண்டும். அந்த எண் குறையக் குறைய லென்ஸின் ஓரங்களில் நுழையும் கதிர்களைக் கடுமையாக வளைக்க வேண்டியிருக்கிறது. அவற்றை ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்க மேலும் மேலும் கண்ணாடிகளை அடுக்க வேண்டும். காற்றில் எஃப் 0.5-க்குக் கீழே போகவே முடியாது என்பது இயற்பியல் போட்ட வரம்பு, நடைமுறையில் 1.4-ஐத் தாண்டும்போதே விலையும் எடையும் ஏறத் தொடங்கிவிடும். நியாயமான வழி குவியத் தூரத்தைக் கூட்டுவது. அதைக் கூட்டிய பிறகும் அதே பார்வைக் கோணம் வேண்டுமென்றால் சென்சாரைப் பெரிதாக்க வேண்டும். இரண்டும் பெரிதானால் கேமரா தடிக்கும். சென்சாரின் அளவுக்கு இத்தனை மதிப்பு இருப்பது பெரும்பாலும் இதனால்தான்: பெரிய வாசலைச் சிரமமின்றி வைக்க அது இடம் தருகிறது.

சட்டைப்பை கேமராவின் வரலாறு முழுவதும் இந்த இழுபறிதான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகளும் மரப்பெட்டியுமாக இருந்த அன்றைய கேமராவைச் சுமந்து மலையேற முடியாமல், சினிமா பிலிமைக் குறுக்கே ஓடவிட்டு, இரண்டு சட்டகங்களின் இடத்தை ஒரு படத்துக்கு ஒதுக்கி, கைக்கடக்கமான கேமரா ஒன்றைச் செய்தார். 1925-இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அன்று அவர் எடுத்துக்கொண்ட 24க்கு 36 மி.மீ. என்ற அளவைத்தான் இன்றும் ‘ஃபுல் ஃபிரேம்’ என்கிறோம். வால்டர் சாப் இன்னும் துணிந்து இறங்கினார். 1938 முதல் லாட்வியாவின் ரிகா நகரில் தயாரான அவரது மினாக்ஸ் கேமரா உள்ளங்கையில் மறைந்துவிடும். அதன் பிலிம் சட்டகம் 8க்கு 11 மி.மீ. மட்டுமே. பெரிதாக்கினால் குருணை முன்னே வந்து நின்றது. ஒலிம்பஸ் நிறுவனத்தின் யோஷிஹிசா மைத்தானி 1979-இல் கொண்டுவந்த எக்ஸ்ஏ கேமராவில் சட்டகத்தின் அளவில் கைவைக்கவில்லை. 35 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை அந்தத் தூரத்தைவிடக் குறைந்த இடத்தில் அடக்கிவிட்டார். அது சாமானிய வேலையில்லை என்பது என் எண்ணம். முழு அளவுச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சட்டைப்பைக்குள் போன கேமராக்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

ஒளிவாயில் இன்னொரு விஷயத்தையும் கையில் வைத்திருக்கிறது. சிறிய துளை வழியாகப் புகும் ஒளி விளிம்பில் பட்டுப் பரவுகிறது. பள்ளிப் பாடத்தில் இதை விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். இதனால் எவ்வளவு குறையற்ற லென்ஸானாலும் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் காட்ட முடியாது. சிறு வட்டப் பொட்டாகத்தான் காட்டும். அந்தப் பொட்டின் அளவை 1835-லேயே வானியலாளர் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டுவிட்டார். 2023-இல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் கேமராவுக்கு எஃப் எண் 1.7. பச்சை ஒளியில் பொட்டின் குறுக்களவு சுமார் 2.3 மைக்ரோமீட்டர். அதன் படப்புள்ளியோ 0.6 மைக்ரோமீட்டர்தான். ஒரே ஒளிப்பொட்டு நான்கு படப்புள்ளி அகலத்துக்குப் படர்ந்துவிடுகிறது. சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அந்தக் கைப்பேசியே பதினாறு பதினாறு படப்புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத் தருவது இதை ஒட்டித்தான். ஜிஆர் 3-இல் பொட்டு சுமார் 3.8 மைக்ரோமீட்டர், படப்புள்ளி 3.9. ஏறக்குறையச் சமம். அதன் 24 மெகாபிக்சல்களில் எதுவும் வீண் போவதில்லை.

பின்னணி மங்கி, முகம் மட்டும் எடுப்பாக நிற்பதும் இதே வாசலின் அகலத்தைப் பொறுத்ததே. கைப்பேசியின் ‘போர்ட்ரெய்ட்’ பயன்முறை அந்த மங்கலைக் கணக்குப் போட்டு வரைகிறது. முடிக்கற்றையின் ஓரத்தில் கணக்குத் தப்புவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

கைப்பேசியின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வாசல் சிறிதாக இருந்தால் நேரத்தை நீட்டலாம். நீட்டினால் கை நடுங்கிப் படம் கலங்கும் என்பதால், குட்டிக் குட்டியாகப் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திக் கூட்டுகிறார்கள். கூகுள் நிறுவனத்தில் மார்க் லெவாய் முதலானோர் வளர்த்தெடுத்த இந்த வழி 2018-இல் ‘நைட் சைட்’ என்ற பெயரில் வந்தபோது கைப்பேசி இரவுப் படங்களின் தரம் ஒரே பாய்ச்சலில் ஏறியது. ஒன்பது படங்களைக் கூட்டினால் குருணை மூன்றில் ஒரு பங்காகும். அசையாத கோபுரத்துக்கும், தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கும் இது அருமையாகப் பொருந்துகிறது. குழந்தை அசைந்துவிட்டால் ஒன்பது படத்திலும் முகம் ஒன்பது இடத்தில் இருக்கும், கூட்ட வழியில்லை. மென்பொருள் ஒரே படத்தை வைத்துக்கொண்டு குருணையைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கிறது. முதலில் சொன்ன அந்த மெழுகு முகம் இப்படித்தான் வருகிறது.

இனிக் கடைக்குப் போகலாம். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை எல்லோர் பட்டியலிலும் வரும். 2012-இல் வந்த முதல் மாடலின் எடை 240 கிராம். அகலக் கோணத்தில் 10.4 மி.மீ., எஃப் 1.8, வாசல் 5.8 மி.மீ. மூன்று முதல் ஐந்து வரையிலான மாடல்களில் வாசல் அகலக் கோணத்தில் 4.9 மி.மீ., ஜூமை முழுதும் நீட்டினால் 9.2. 2019-இல் வந்த ஏழாவது மாடல்தான் விலை கூடியது. நீண்ட ஜூமுக்காக அதன் லென்ஸை 9 மி.மீ., எஃப் 2.8 என்று தொடங்கியிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: 3.2 மி.மீ. வீட்டுக்குள் அகலமாகப் படம் எடுக்கும்போது அது கைப்பேசியைவிடக் குறைந்த ஒளியைத்தான் உள்ளே விடுகிறது. ஜூமை 72 மி.மீ., எஃப் 4.5 வரை நீட்டினாலோ வாசல் 16 மி.மீ.; அப்போது கைப்பேசி பக்கத்தில் வர முடியாது. மேடை நிகழ்ச்சிக்கும் பறவைக்கும் அதை மனதார வாங்கலாம். கூடத்தில் ஆடும் குழந்தைக்காக அந்தப் பணத்தைக் கொடுப்பது வீண்.

இளைஞர்கள் இப்போது தேடிப் பிடிக்கும் பழைய குட்டி டிஜிட்டல் கேமராக்களுக்கும் இதே கணக்குத்தான். கேனான் இக்ஸஸ் 285-இன் அகலக் கோணம் 4.5 மி.மீ., எஃப் 3.6, வாசல் வெறும் 1.25 மி.மீ. இரவில் அதன் படம் பிடித்துப்போவதற்குக் காரணம் அதன் செனான் ஃப்ளாஷ். கண் சிமிட்டுவதற்குள் அடித்து ஓயும் அந்த ஒளி, அசைவை அப்படியே உறையவைக்கிறது. கைப்பேசியின் எல்இடி விளக்குக்கு அந்த வலு கிடையாது.

வாசலை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் 23 மி.மீ., எஃப் 2; அதாவது 11.5 மி.மீ. வாசல். சோனியின் முதல் ஆர்எக்ஸ்1-இல் 17.5 மி.மீ. இரண்டும் அற்புதமான கருவிகள். ஆனால் 2024-இல் வந்த எக்ஸ்100-6-இன் எடை 521 கிராம், பருமன் 55 மி.மீ. அது கழுத்திலோ பையிலோ தொங்கும். ஜிஆர் 3 அணைத்தவுடன் லென்ஸை உள்ளிழுத்துக்கொண்டு 33 மி.மீ. பருமனுக்கு வந்துவிடும், பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். ஜூம் இல்லாததால்தான் அதன் லென்ஸை ஆறே கண்ணாடிகளில் முடித்து இப்படி மடக்க முடிந்தது. தினமும் எடுத்துப் போவதற்கு என்றால் என் தேர்வு இந்த 6.5 மி.மீ. பக்கம்தான். இன்னும் பெரிய வாசலுள்ள கேமரா நல்ல படம் எடுக்கும், வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைக் கையில் எடுத்திருந்தால்.

செடி, கட்டடம், சாப்பாடு, பகல் வெளிச்சத்தில் ஊர்ப் பயணம் என்று எடுப்பவருக்குக் கைப்பேசியே போதும். காசை மிச்சம் பிடிக்கலாம். விளக்கொளியில் அசைகிற மனிதர்களை எடுப்பவர்தான் தனிக் கேமரா வாங்க வேண்டியவர். அவர் கடையில் முதலில் லென்ஸின் விளிம்பைப் படித்து வகுத்துப் பார்க்கட்டும். வகுத்து வரும் எண் ஐந்துக்குக் கீழே இருந்தால் கைப்பேசியிலிருந்து பெரிய மாற்றம் எதுவும் கிடைக்காது. பழைய கேமராவாக இருந்தால் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சை நூலோடியிருக்கிறதா என்றும், வெள்ளைச் சுவரை எஃப் 11-இல் எடுத்துச் சென்சாரில் தூசு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளிழுக்கும் லென்ஸ் சட்டைப்பையின் நூல்பிசிறையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஜிஆர் வரிசையில் இது தெரிந்த குறை. எனவே ஒரு மெல்லிய உறையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்க ஒரு டப்பாவும் கேமராவோடு சேர்த்தே வாங்க வேண்டியவை.